ஐந்தரை மணி இடைவேளை

சிம்ரனை வேலையை விட்டு அனுப்பியவர்கள் அவளைத் திருடி என்று சொல்லியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வயிறு எரிந்திருக்காது. ‘ஒழுங்கு மீறல்’ என்றார்கள். ஒரு பெண் பொழுதோடு நாலு வாய் சோறு தின்றுவிட்டு வரட்டும் என்று அவளை எழுப்பி அனுப்பினாள். அவளுடைய ஸ்டூலில் தான் உட்கார்ந்து அவள் வேலையையும் சேர்த்துச் செய்தாள். அதற்குப் பெயர் ஒழுங்கு மீறலாம். இவர்கள் ஒழுங்கில் கொள்ளி வைக்க.

என் பெயர் தேவிகா. ஓரிக்கையில் தறிக்காரர் வீட்டுப் பெண். அப்பா இன்றைக்கும் பட்டுத்தறியில்தான் இருக்கிறார். நன்றாகவே சம்பாதிக்கிறார், அவரைப் பார்த்து யாரும் பரிதாபப்பட வேண்டாம். எனக்குத்தான் தறிக்குழியில் கால் விட்டு உட்காரப் பொறுமை இல்லை. டிப்ளமா முடித்த கையோடு செல்போன் செய்கிற பெரிய கம்பெனியில் சேர்ந்துவிட்டேன். கம்பெனி பெயரைச் சொல்ல மாட்டேன். இன்னும் அங்கேதான் சம்பளம் வாங்குகிறேன்.

கெட்டதை மட்டும் சொன்னால் என் வாய் வெந்துபோகும், அதனால் நல்லதையும் சொல்லிவிடுகிறேன். சித்திரை வெயிலில் காஞ்சிபுரமே வேகும்போது நாங்கள் உள்ளே ஏசியில் குளிருகிறது என்று முனகிக்கொண்டிருப்போம். தெருமுனைக்கே கம்பெனி பஸ் வரும். ஒன்றாம் தேதி தவறாமல் சம்பளம் ஏறிவிடும். பிடிக்காத மாப்பிள்ளையைப் பிடிக்கவில்லை என்று வாய்விட்டுச் சொல்ல எனக்குத் தைரியம் கொடுத்ததே அந்தச் சம்பளம்தான். என்னோடு சேர்ந்தவர்களில் ஒருத்தி ஸ்கூட்டி வாங்கினாள், ஒருத்தி தம்பியைப் படிக்க வைத்தாள், ஒருத்தி முதுகுவலியை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். மெஷின் பழுது பார்க்கும் விக்னேஷ் கம்பெனியைக் குலதெய்வமாகவே கும்பிடுவான். எனக்கு வாரத்தில் நாலு நாள் பிடிக்கும், இரண்டு நாள் பிடிக்காது. புரொடக்‌ஷன் மேனேஜராக உமாபதி வந்த பிறகு அந்தக் கணக்கு தலைகீழாகிவிட்டது.

சிம்ரன் எங்கள் லைன் லீடர். நீளமான பெல்ட்டில் போன்கள் நகர்ந்து வரும். வரிசையாக உட்கார்ந்திருக்கும் நாங்கள் ஆளுக்கு ஒரு வேலையை முடித்து அடுத்த ஆளிடம் தள்ளுவோம். யார் கை பின்தங்கினாலும் பின்னால் வந்து நின்று கத்துவது லீடர் வேலை. அந்த வேலைக்கென்றே தொண்டையைக் கடவுள் தனியாகச் செய்து கொடுத்தவள் சிம்ரன். ஆனால் எங்களிடம் கத்துகிற அதே வாயால் மேலே இருப்பவர்களிடமும் கத்துவாள், அதுதான் விஷயம். பாத்ரூம் போகிறவர்களை ஒரு சூப்பர்வைசர் வாட்ச் பார்த்துக்கொண்டு நின்றபோது, அவர் வீட்டுப் பெண்கள் போனாலும் இப்படித்தான் வாசலில் நிற்பாரா என்று லைன் முழுக்கக் கேட்கும்படி விசாரித்தாள். அன்றோடு வாட்ச் பார்ப்பது நின்றது.

அவள் ஊர் தென்னேரிக்கு அந்தப்புறம். ஊருக்கு வெளியே காலனியில் வீடு. அப்பா சாமுவேல் கொத்தனார். ஞானஸ்நானத்தில் எஸ்தர் என்று பாதிரியார் வைத்த பெயரை அவர் மதிக்கவே இல்லை. அந்த வருடம் ஊரெல்லாம் பேசிய நடிகையின் பெயரைப் பள்ளிக்கூடத்தில் கொடுத்துவிட்டு வந்தார். அம்மா பொன்னியம்மாள் நடவு, களை, அறுப்பு என்று அடுத்தவர் வயலிலேயே முதுகு வளைந்தவள். அந்த வீட்டில் முதன்முதலாக மாதச் சம்பளம் வாங்கியது சிம்ரன். அதில் அவள் முதலில் கட்டியது, உள்பக்கம் தாழ்ப்பாள் போட்ட ஒரு குளியலறை. அதைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் அவள் குரல் தணியும்.

எங்கள் கம்பெனியில் அடையாள அட்டை தொங்குகிற நாடாவைப் பார்த்தே ஆளை எடை போட்டுவிடலாம். நீல நாடா என்றால் கம்பெனி ஆள். பச்சை என்றால் கான்ட்ராக்டர் ஆள். பச்சைக்காரி இன்றைக்கு இருப்பாள். நாளைக்கு வர வேண்டாம் என்று போன் வந்தால் அதோடு சரி, ஏன் என்று கேட்க வாசல் கிடையாது. டிப்ளமா இருந்ததால் நான் வந்ததுமே நீலம். எனக்கு ஸ்க்ரூ பிடிக்கக் கற்றுக்கொடுத்த சிம்ரன், பன்னிரண்டாவதோடு நின்றவள், ஆறு வருடமாகப் பச்சை. இந்த அநியாயத்தை நினைத்து நான் கூசியிருக்கிறேன். அவள் ஒருநாளும் அதை என்மேல் காட்டியதில்லை.

போன கார்த்திகையில் ஒரு பேச்சு வந்தது. தை பிறந்ததும் பச்சையில் சிலரை நீலத்துக்கு மாற்றப் போகிறார்கள் என்றார்கள். முதல் பெயர் சிம்ரனுடையதுதான் என்று உமாபதியே அவளிடம் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து அவள் கத்தலில்கூட ஒரு சந்தோஷம் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் வேறு எதையும் வேண்டுவதில்லை என்றும், நீல நாடாவைத் தவிர வேறு எதைக் கொடுத்தாலும் ஆண்டவரிடம் திருப்பிக் கொடுத்துவிடுவேன் என்றும் பஸ்ஸில் சொல்லிச் சிரித்தாள்.

அந்தச் சமயத்தில்தான் ஜனனி எங்கள் லைனுக்கு வந்தாள். சின்னப் பெண். என்னைப் போலவே டிப்ளமா, வந்ததுமே நீல நாடா. என் பக்கத்து ஸ்டூல். போனின் பின்மூடியில் ஸ்க்ரூ போடுகிற வேலை அவளுக்கு. யாரிடமும் அதிர்ந்து பேச மாட்டாள், வேலையில் குறை சொல்ல முடியாது.

எங்கள் ஷிப்ட் மதியம் இரண்டு மணிக்கு ஆரம்பிக்கும். முன்பெல்லாம் சாப்பாட்டுக்கு எங்களைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்து அனுப்புவார்கள். முதல் கூட்டம் ஐந்தரைக்கே கேன்டீனுக்குப் போய்விடும். உமாபதி வந்து டார்கெட்டை ஏற்றினார். லைன் அடிக்கடி தடைப்படுகிறது என்று எல்லாருக்கும் ஒரே இடைவேளையாக, ஏழரை மணி என்று மாற்றிவிட்டார். எங்களுக்கு அது வெறும் பசி. ஜனனிக்கு அது பட்டினி. ஏனென்றால் அவள் நயினார் வீட்டுப் பெண், சமணர் குடும்பம். பொழுது சாய்ந்த பிறகு அவர்கள் தண்ணீரைத் தவிர வாயில் எதையும் வைக்க மாட்டார்கள். பகல் பதினொன்றரைக்கு வீட்டில் சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறுகிறவள், மறுநாள் சூரியன் வந்த பிறகுதான் மறுபடி சாப்பிட முடியும்.

இதெல்லாம் அப்போது எங்களுக்குத் தெரியாது. அவளும் சொல்லவில்லை. சொன்னால் புதிதாக வந்தவளுக்குச் சலுகை வேண்டுமாம் என்று பேசுவார்களோ என்ற பயம். கேன்டீனில் தட்டை வாங்கி, தனக்கு வேண்டாம் என்று என் பக்கம் தள்ளிவிடுவாள். இளைப்பதற்காகச் சாப்பிடாமல் இருக்கிறாள் என்று நினைத்து நானும் அவள் பங்குக் கேசரியை வெட்கமில்லாமல் தின்றுகொண்டிருந்தேன்.

ஒருநாள் அவள் கை நடுங்கி, ஸ்க்ரூக் கிண்ணம் கவிழ்ந்தது. லைன் நின்றது. சிம்ரன் பறந்து வந்து அவளை எழுப்பி, லைனில் போடும் கோட்டுகளை மாட்டும் அறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். அள்ளிய ஸ்க்ரூக்களோடு நானும் பின்னால் போனேன். சாப்பிடாமல் வேலைக்கு வருகிறாயே, மயங்கி மெஷினில் விழுந்தால் யார் பதில் சொல்வது என்று சிம்ரன் பொரிந்து தள்ளினாள். ஜனனி தலையைக் குனிந்துகொண்டு தன் வழக்கத்தைச் சொன்னாள். எந்த ஊர், யார் பெண் என்று சிம்ரன் கேட்டாள். தென்னேரிக்கு அந்தப்புறம், சிம்ரன் ஊருக்கு அடுத்த ஊரின் பெயரைச் சொல்லி, ரிஷபதாஸ் மகள் என்றாள் ஜனனி.

இழுத்துக்கொண்டு வந்த கையைச் சிம்ரன் விட்டாள். 

“எங்கம்மா உங்க கழனிலதான் அறுப்பு அறுத்தாங்க,” என்றாள். “அறுப்பு முடிச்சு களத்துமேட்டுக்கு வந்து சேர்றதுக்குள்ள இருட்டிடும். இருட்டிட்டா உங்க வூட்டுல அடுப்பு அணைஞ்சிடும். கூலிக்கு வந்தவங்களுக்குச் சோறு கெடையாது, நாளைக்கு வாங்கன்னு அனுப்பிடுவாங்க. எங்கம்மா ஈரத்துணிய வயித்துல கட்டிக்கினு வூட்டுக்கு வரும்.”

ஜனனி அழுதுவிட்டாள். இவள் அதைச் சொல்லி அந்தச் சின்னப் பெண்ணைக் குத்த வேண்டுமா என்று எனக்கே சங்கடமாக இருந்தது.

“அழுவாத. உன்ன பழிவாங்கச் சொல்லல,” என்றாள் சிம்ரன். “பொழுதோட அடுப்பு அணைஞ்சா வயிறு இன்னா பாடு படும்னு எனக்குத் தெரியும், அதுக்குச் சொல்றேன். நாளைலேர்ந்து நீ அஞ்சரைக்குச் சாப்டற.”

முறையாகத்தான் முதலில் உமாபதியிடம் போனாள். கால் மணி நேரம் போதும், ஒரே ஒரு பெண், மாற்று ஆளை நானே ஏற்பாடு செய்கிறேன் என்று கேட்டாள். உமாபதி குரலை உயர்த்தாத மனிதர். சிரித்துக்கொண்டே கழுத்தை அறுப்பதில் கைதேர்ந்தவர். மதத்தை எல்லாரும் கேட்டுக்கு வெளியே விட்டுவிட்டு வர வேண்டும், ஒருவருக்குக் கொடுத்தால் நாளைக்கு எல்லாரும் வந்து நிற்பார்கள் என்று பாடம் எடுத்து அனுப்பினார். ஆயுத பூஜைக்கு மெஷினுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து, கேட் வாசலிலேயே பூசணிக்காய் உடைத்த மகராசர் இவர்தான். அவர் மதம் கேட்டுக்கு உள்ளே பூசணிக்காயாக உருளலாம். ஜனனியின் இட்லி டப்பா மட்டும் வெளியே நிற்க வேண்டும்.

மறுநாள் ஐந்தரைக்கு சிம்ரன் ஜனனியின் தோளைத் தட்டினாள். எழுந்து போ, நான் உட்கார்கிறேன் என்றாள். ஒவ்வொருவர் இடத்திலும் அவரவர் அட்டையைச் செருகினால்தான் மெஷின் திறக்கும். அட்டையை மாற்றினால் மேலே ஆபீசுக்குத் தெரிந்துவிடும். அதனால் ஜனனியின் அட்டை அப்படியே இருக்க, சிம்ரன் அவள் வேலையைச் செய்தாள். ஜனனி கோட்டு மாட்டும் அறையின் சின்ன ஜன்னல் பக்கம் நின்று, வெயில் தெரிகிறதா என்று பார்த்துப் பார்த்து டப்பாவைக் காலி செய்வாள். மார்கழியில் பொழுது சீக்கிரம் போய்விடும். “சீக்கிரம் தின்னு, பொழுது போவுது” என்று இங்கிருந்தே சிம்ரன் கத்துவாள். டார்கெட்டுக்குக் கத்துகிறாள் என்று தூரத்தில் இருப்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள். நாங்கள் அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டு இருந்தோம். அந்த லைனில் எனக்கு மிகவும் பிடித்த நாட்கள் அவைதான் என்று இன்றைக்கும் சொல்வேன்.

இன்னொரு சங்கதியும் கூடவே நடந்துகொண்டிருந்தது. ஜனனி கையில் இருந்த ஸ்க்ரூ முறுக்கும் எலக்ட்ரிக் டிரைவருக்குப் பிடி விட்டுப்போயிருந்தது. முறுக்கிவிட்டேன் என்று பச்சை விளக்கைக் காட்டும், ஆனால் ஸ்க்ரூ முழுதாக இறங்கியிருக்காது. சிம்ரன் அதை விக்னேஷிடம் சொன்னாள், சூப்பர்வைசரிடம் சொன்னாள், உமாபதியிடமே போய்ச் சொன்னாள். மாற்ற வேண்டுமென்றால் லைனை நிறுத்த வேண்டும். வருடக் கடைசி, டார்கெட் முடியட்டும் என்றார் உமாபதி. குலதெய்வம் சொன்ன பிறகு விக்னேஷ் பேசுவானா, அவனும் டார்கெட் முடியட்டும் என்றான்.

டார்கெட் முடிந்தது. கேக் வெட்டினார்கள். பொங்கலுக்கு முன்னால் வெளிநாட்டிலிருந்து சரக்கு வாங்குகிறவர்கள் சில பெட்டிகளைத் திறந்து பார்த்து, ஸ்க்ரூ ஆடுகிறது என்று திருப்பிவிட்டார்கள். எந்த லைன், எந்த இடம், யாருடைய அட்டை என்று தேடினார்கள். ஜனனியின் அட்டை வந்து நின்றது.

விசாரணைக்கு முந்தின நாள், பஸ்ஸில் சிம்ரன் அவளுக்குத் தைரியம் சொன்னாள். ஷிப்ட் முழுக்க நீதான் உட்கார்ந்திருந்தாயா என்று கேட்பார்கள்; ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடு, நீல நாடா நீ, எச்சரிக்கையோடு விட்டுவிடுவார்கள் என்றாள். டிரைவர் பழுது என்று நானே எடுத்துச் சொல்லி உன்னைக் காப்பாற்றிவிடுகிறேன், ஆனால் அட்டை விஷயம் மட்டும் வெளியே வந்தால் என் தை மாதம் போயிற்று என்றும் சொன்னாள். ஜனனி ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தாள். பேசாமல் இருந்தால் சம்மதம் என்று சிம்ரன் எடுத்துக்கொண்டாள்.

தப்பு நடந்தது அங்கேதான். அந்தப் பெண் வெறும் வழக்கத்துக்காக இரவில் சாப்பிடாமல் இருக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே திருப்பருத்திக்குன்றம் சமணர் கோயிலில், வந்திருந்த துறவி அம்மா முன்னால் விரதம் எடுத்துக்கொண்டவள். இரவில் உண்ணாமை அதில் ஒன்று. பொய் சொல்லாமை இன்னொன்று. ஒன்றைக் காப்பாற்றுவதற்காகத் தன் வேலையையே பணயம் வைத்த சிம்ரனுக்கு, அதே கையால் இன்னொன்றை உடைக்கச் சொல்கிறோம் என்பது உறைக்கவே இல்லை. எனக்கும் உறைக்கவில்லை. இரண்டு பேரும் இட்லி டப்பாவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டோம்.

பக்கத்து ஸ்டூல் என்பதால் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். கண்ணாடி அறை. உமாபதி, எச்.ஆர். ஆபீசர் தர்மன், சிம்ரனுடைய கான்ட்ராக்டர், சுவரோரம் விக்னேஷ். எங்களுக்கெல்லாம் காபி வந்தது. காபி கொடுக்கிறார்கள் என்றாலே எதையோ பறிக்கப் போகிறார்கள் என்று அர்த்தம்.

“அந்தச் சரக்கு செஞ்ச வாரம் முழுக்க உங்க இடத்துல நீங்கதானம்மா இருந்தீங்க?” என்று உமாபதி ஜனனியைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்.

ஜனனி சிம்ரனைப் பார்த்தாள். பார்த்த பார்வையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

“இல்ல சார். தெனம் அஞ்சரைக்கு நான் சாப்டப் போவேன். அப்ப சிம்ரன் அக்கா உக்காருவாங்க. என் கார்டுதான் இருக்கும்.”

கான்ட்ராக்டர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். தர்மன் தட்டச்சு செய்ய ஆரம்பித்தார். உமாபதியின் முகத்தில் ஒரு நிம்மதி பரவியதைப் பார்த்தேன், செத்தாலும் அதை மறக்க மாட்டேன். தேடிக்கொண்டிருந்த பலியாடு தானாகவே கொட்டிலுக்கு வந்துவிட்டது.

“இன்னும் இருக்குது சார்,” என்றாள் ஜனனி. “டிரைவர் ரொம்ப நாளா சரியில்ல. அக்கா உங்ககிட்டயும் சொன்னாங்க. அக்கா போட்டது மட்டும் இல்ல, நான் போட்டதும் லூசாதான் இருக்கும்.”

“கேட்டதுக்குப் பதில் சொல்லிட்டீங்க, அது போதும்மா,” என்றார் உமாபதி.

அவள் உட்காரவில்லை. டிரைவரைப் பற்றி விக்னேஷைக் கேளுங்கள் என்றாள். விக்னேஷ் தன் ஷூவைப் பார்த்தான். நான் எழுந்து, அவள் சொல்வது நிஜம், லைனுக்கே தெரியும் என்றேன். என்னைக் கேட்கும்போது பேசினால் போதும் என்றார்கள். கடைசிவரை கேட்கவில்லை. அட்டை, இட்லி, ஆள் மாறாட்டம் என்று மட்டும் தர்மன் அடித்து முடித்து, கையெழுத்துக்கு நீட்டினார். டிரைவர் என்ற வார்த்தையே அதில் இல்லை. ஜனனி படித்துப் பார்த்துவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தாள்.

“பாதி சொன்னா அதுவும் பொய்தான் சார். நான் போட மாட்டேன்.”

கையெழுத்து இல்லாவிட்டாலும் பரவாயில்லை, கேமராவில் எல்லாம் இருக்கிறது என்றார் தர்மன். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்களே, அதை ஏசி அறையில் காபி குடித்துக்கொண்டே செய்து முடித்தார்கள். சிம்ரன், கத்துவதற்கென்றே பிறந்த சிம்ரன், அந்த அறையில் ஒரு வார்த்தை பேசவில்லை. பச்சை நாடாவை அவளே கழற்றி மேஜையில் வைத்துவிட்டு எழுந்து போனாள். லைனுக்குள் திரும்பி வர விடவில்லை. அவளுடைய சாப்பாட்டு டப்பாவை நான்தான் எடுத்துக்கொண்டு வந்தேன்.

அன்று பஸ்ஸில் ஜனனி பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. நானும் உட்காரவில்லை. உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்தவள் என்று அவள் காதுபடவே சொன்னேன். நீ மோட்சத்துக்குப் போக எங்கள் சிம்ரன்தான் டிக்கெட்டா என்றும் கேட்டேன். அவள் பொய் சொல்லவில்லை என்று எனக்கும் தெரியும். அவள் ஒரே ஒரு பொய் சொல்லியிருந்தால் இன்றைக்குச் சிம்ரன் கழுத்தில் நீலம் தொங்கியிருக்கும், அதுவும் தெரியும். அந்த இரண்டும் ஒன்றாகத் தெரிந்ததுதான் எனக்குப் பைத்தியம் பிடிக்க வைத்தது.

பொங்கல் முடிந்து போனால், புது டிரைவர் வந்திருந்தது. சுவரில் ஒரு நோட்டீஸும் ஒட்டியிருந்தார்கள். சரக்கு வாங்குகிறவர்கள் கம்பெனியைச் சுற்றிப் பார்க்க வருகிறார்களாம். மத வழக்கம் உள்ளவர்கள் இனிமேல் ஐந்தரை மணிக்குச் சாப்பிடலாமாம். எங்கள் கம்பெனி எல்லாருடைய நம்பிக்கையையும் மதிக்கிறதாம். நோட்டீஸில் இரண்டு கை கூப்பிய படம் வேறு. சிம்ரன் கேட்டது எல்லாம் கிடைத்துவிட்டது. சிம்ரனைத் தவிர எல்லாம் இருந்தது. அந்தத் தாளைக் கிழித்து உமாபதி மூஞ்சியில் எறிய என் கை துடித்தது. எறியவில்லை. எனக்கும் நீல நாடா வேண்டியிருக்கிறது.

ஐந்தரைக்கு மாற்று ஆள் வந்து ஜனனி பின்னால் நின்றாள். ஜனனி எழுந்திருக்கவில்லை. வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு ஸ்க்ரூ போட்டுக்கொண்டே இருந்தாள். மறுநாளும் அப்படித்தான். ஏழரைக்குக் கேன்டீனில் தட்டை யாரிடமாவது தள்ளிவிடுவாள். இந்தமுறை நான் வாங்கவில்லை. கன்னம் ஒட்டிக்கொண்டே வந்தது. பேசக்கூடாது என்று இருந்த நான்தான் கடைசியில் பொறுக்க முடியாமல், என்ன வேஷம் இது என்று கேட்டேன். அக்காவைத் துரத்திவிட்டுக் கொடுத்த இடைவேளையில் தனக்குச் சோறு இறங்காது என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சிம்ரனைப் பார்க்கப் போனேன். சாப்பாட்டு டப்பாவைக் கொடுக்க வேண்டியிருந்தது. சார்ஜர் செய்கிற ஒரு சின்னக் கம்பெனியில் மறுபடி கடைநிலை ஆளாகச் சேரப் போவதாகச் சொன்னாள். அங்கேயும் கான்ட்ராக்ட்தான். பழைய கம்பெனியை ஏன் விட்டாய் என்று அங்கே கேட்டார்களாம்; ஒருத்தியைச் சாப்பிட அனுப்பியதற்காக என்றாளாம். கேட்டவன் அவள் வேடிக்கை செய்கிறாள் என்று சிரித்தானாம். அவள் சொன்ன விதத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. பேச்சோடு பேச்சாக, நோட்டீஸ் ஒட்டியதையும், அப்படியும் ஐந்தரைக்கு எழுந்து போகாமல் ஜனனி பட்டினி கிடப்பதையும் சொல்லிவிட்டேன். சிம்ரன் முகம் கறுத்தது.

வெயில் தணிகிற நேரம். வாசலில் ஆள் நிழல் தெரிந்தது. ஜனனி. அவளே பஸ் ஏறி, காலனியைக் கேட்டுக் கேட்டு வந்திருக்கிறாள். பொன்னியம்மாள் பதறி எழுந்து, முந்தானையால் நாற்காலியைத் துடைத்து, “வாங்க சின்னம்மா” என்றாள்.

“சின்னம்மாவாம். அவ பேரு ஜனனி. பேரச் சொல்லிக் கூப்புடு,” என்று சிம்ரன் அம்மாமேல் பாய்ந்தாள்.

ஜனனி படிக்கு வெளியிலேயே நின்றாள். மன்னிப்பு கேட்க வரவில்லை என்றாள். “இன்னொரு தடவ கேட்டாலும் அதான்க்கா சொல்லுவேன். என்னால வேற சொல்ல முடியாது. அதான் என்னால தாங்க முடியல.”

“அது தெரியும்,” என்றாள் சிம்ரன். “உன்ன ஆமான்னு சொல்லச் சொன்னது என் தப்பு. நீ சொன்னதுக்கு எனக்குக் கோவமே இல்ல. முழுசாச் சொன்ன ஒரே ஆளு நீதான். ஆனா அஞ்சரைக்கு எழுந்து போவமாட்டேன்ற பாரு, அதுக்கு உன்ன அடிச்சா இன்னான்னு இருக்குது எனக்கு.”

எழுந்து உள்ளே போனாள். வாழைப்பழச் சீப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஜனனியின் கையைப் பிடித்து வீட்டுக்குள் இழுத்து, அம்மா துடைத்த நாற்காலியில் தள்ளி உட்கார வைத்தாள். ஒரு பழத்தைப் பிய்த்து அவள் கையில் திணித்தாள்.

“தின்னு. இதுக்குத்தான் என் வேல போச்சு. நீ தின்னாம கெடந்தா அது சும்மா போனதா ஆயிடும். அத மட்டும் என்னால தாங்க முடியாது.”

ஜனனி தோலை உரித்தாள். அழுதுகொண்டே தின்றாள். பொன்னியம்மாள் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டு, நயினார் வீட்டுப் பெண் தன் வீட்டுக்குள் உட்கார்ந்து சாப்பிடுவதைக் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டு நின்றாள். வெளியே ஏரிப் பக்கம் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. சிம்ரன் வாசலுக்குப் போய் அதை ஒருமுறை பார்த்துவிட்டு வந்து, இன்னொரு பழத்தைப் பிய்த்துக்கொண்டே, லைனில் கத்துகிற அதே குரலில் கத்தினாள்.

“சீக்கிரம் தின்னு, பொழுது போவுது.”